கடலுக்குப் போற தண்ணி

...பின்ன என்னங்கறேன்! பாலத்துல வேல நடக்குதுன்னா ஏறும்போதே சொல்லணுமா வேணாமா? டிக்கெட்டக் கிழிச்சு கையில குடுத்தப்புறம் சொல்றான் கண்டக்டரு, "மெயின் ரோடு கெடையாதும்மா, உள்வழியா சுத்திக்கிட்டுத்தான் போவும்"னு. இது பஸ்ஸா தேரா? முக்குக்கு முக்கு நின்னு நின்னு போவுது. கொஞ்சம் அந்தப் பக்கம் நவுந்துக்கம்மா... இந்தப் பையக் கீழ வைக்க முடியாது, ஓட்டை வழியா சேத்துத் தண்ணி அடிக்குது பாரு. மடியிலயே வச்சுக்கறேன். ஒனக்கு இடிக்குதா? இடிச்சா சொல்லு. சொன்னாலும் நான் ஒண்ணும் பண்ண முடியாது, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

காதுல என்ன அது, பாட்டா? கழட்டிடு, கழட்டிடு, காதுக்கு ஆவாது. என் மவளும் இப்படித்தான் மாட்டிக்கிட்டுத் திரிவா. பேரு என்னம்மா? மர்யமா? அட, எங்க மாதா பேருல்ல அது! நான் பாத்திமா மேரி. பாரேன், ஒங்க வீட்டுப் பேரு பாதி, எங்க வீட்டுப் பேரு பாதி, ரெண்டையும் சேத்து எனக்கு வச்சுட்டாங்க. அப்ப நாம ரெண்டு பேரும் ஒறவுதான். எங்க போற, கடைசி ஸ்டாப்புக்கா? நல்லதாப் போச்சு, நான் ஒனக்கு ஒரு ஸ்டாப்பு முன்னாடி. பேச்சுத் தொணையா இருக்கும்.

முறுக்கு எடுத்துக்க. அட எடுத்துக்கம்மா, கடையில வாங்குனது இல்ல, மவளுக்குன்னு நானே சுட்டது. இரு, உள்ள நல்லதாப் பாத்து நானே எடுத்துத் தர்றேன், நீ கைய விட்டா ஒடஞ்சுடும். இந்தா. எப்படி? ஓமம் கொஞ்சம் தூக்கலா இருக்கா? எங்க வீட்டுக்காரரு அப்படித்தான் சொன்னாரு. அவருக்கு என்ன தெரியும்? மாதா கோயில் கமிட்டி, கமிட்டின்னு காலைல போனா ராத்திரி வர்றாரு. வயலு எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்டா கெழக்கக் காட்டுவாரு. வயலு மேக்க இருக்கு. எல்லாம் நாந்தான்... நாத்து விடுறதுலேருந்து அறுத்துப் போடுற வரைக்கும் நான் ஒத்தப் பொம்பள.

இந்தப் பையில என்னன்னு பாக்குறியா? அரிசி. சாதா அரிசி இல்லம்மா, எங்க கொல்லைப்பக்கத்து வயலு அரிசி. ஒரு சொட்டு மருந்து படாதது. எங்க ஊருப் பக்கம் வயலு இருக்குற எல்லா வீட்டுலயும் அப்படித்தான், வீட்டுக்குத் தின்ன ஒரு துண்டு தனியா வச்சுக்குவோம். அதுக்கு மாட்டு எரு, வேப்பம்புண்ணாக்கு, அவ்வளவுதான். பூச்சி தின்னது போவ மிச்சம் நமக்கு. பெரிய வயலு வேற, அது விக்கிறதுக்கு. அதுக்கு எல்லா மருந்தும் உண்டு. ஏன் அப்படிப் பாக்குற? விக்கிறதுக்கு எதுக்கும்மா மருந்து போடாம விடணும்? அத யாரு திங்கப் போறா? ...ஆமா, யாராச்சும் தின்னுவாங்கதான். அவங்கள்லாம் டவுன்ல இருக்கறவங்க. டவுன்ல ஆஸ்பத்திரி இருக்குல்ல. நீங்க எங்க அரிசி வாங்குறீங்க, கடையிலயா? சரி விடு, முறுக்கச் சாப்புடு.

எம் மவளுக்கு மட்டும் விஷம் போவக் கூடாதும்மா. சான்ட்ரான்னு பேரு, ஒரே மவ. கடலோரமா, கடைமடை ஊருல கட்டிக் குடுத்துருக்கு. கடைமடைன்னா தெரியுமுல்ல? காவேரித் தண்ணி எல்லா ஊருக்கும் பாஞ்சு முடிச்சு, மிச்சம் மீதி இருந்தா போவும் பாரு, அந்த ஊரு. எங்க ஊருலேருந்து கொக்கு பறக்குற வழியில போனா பக்கம்தான். பஸ்ஸுதான் சீர்காழி போயி, தென்னந்தோப்பச் சுத்தி, ஊரு ஒலகத்தையெல்லாம் சுத்திக் காட்டிட்டுக் கொண்டு போயி விடுவான். மாப்பிள்ளை ஆன்டோ. நல்ல புள்ளதான், ஆனா பேச மாட்டான். பேசாத ஆளுங்கள நம்பவே கூடாதும்மா, உள்ள என்ன வச்சுருக்காங்கன்னு தெரியாது. ஒன்னச் சொல்லல, நீ தப்பா எடுத்துக்காத.

அங்க போயி வாத்து வளக்கப் போறேன்னா. வாத்தாடி? கோழி வளடி, ஆடு வளடின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேப்பாளா? நான் எதச் சொன்னாலும் "ஏன்?"ம்பா. சின்னதுலேருந்தே அப்படி. "ஏன்?" "எதுக்கு?" காரணம் சொல்லாம ஒரு டம்ளரக்கூட நவுத்தி வைக்க மாட்டா. ஒரு தடவ மாடு முட்ட வருது, ஓடுடின்னு கத்துறேன்... நின்ன எடத்துல நின்னுக்கிட்டு "ஏம்மா?"ங்கறா! யாரு மாதிரி பொறந்தாளோ.

ஆனா சும்மா சொல்லக் கூடாதும்மா, அருமையா வளத்தா. வீட்டுக்கு எதுத்தாப்புலயே வாய்க்கா. காலைல தொறந்து விட்டா அதுபாட்டுக்கு வாய்க்கால்ல மேஞ்சுக்கிட்டுக் கெடக்கும். நத்தை, பொடிமீனு, புழு பூச்சின்னு தன் சாப்பாட்டத் தானே பாத்துக்கும். பொழுது சாய ஒரு அலுமினிய வாளிய எடுத்துக் கரண்டியால தட்டுவா. டங்கு டங்கு டங்குன்னு. அவ்வளவுதான்! எங்கெங்கயோ கெடக்குறதெல்லாம் கத்திக்கிட்டே வரும் பாரு... அந்த நேரத்துல போன் பண்ணினா ஒரு வார்த்த காதுல விழாது. "அதுங்கள வாய மூடச் சொல்லுடி, நான் ஒரு முக்கியமான விஷயம் சொல்றேன்"ம்பேன். "அதுங்களும் அதான்மா சொல்லுதுங்க"ம்பா. திமிரு! முட்டையெல்லாம் சீர்காழி கேக்குக் கடைக்குப் போவுது. கிறிஸ்மஸ் வருதுல்ல, இனிமேதான் அவளுக்கு ஏவாரமே.

அதுல வந்து விழுந்துச்சு பாரு இடி. போன ஞாயித்துக்கெழம பூசைக்குப் போயிட்டு வந்து பாத்துருக்கா. பாதி வாத்து போச்சு. கரையோரமா, கழுத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு, காலு வெட்டி வெட்டி இழுத்துக்கிட்டு... எனக்குப் போன் பண்ணுறா. அவ அழுது நான் பாத்ததில்ல மர்யம். அவ சண்டதான் போடுவா. கல்யாணத்தன்னைக்குக்கூட அழல, நாந்தான் அழுதேன். அன்னைக்கு அழுதா. "செத்த மீனா மிதந்து வந்துச்சும்மா, நத்தை, நண்டு எல்லாம் செத்து மிதந்து வந்துச்சு, வாத்துங்க ஓடி ஓடித் தின்னுச்சுங்கம்மா"ன்னு. யாரோ ஒரு பாவி தண்ணியில மருந்து விட்டுருக்கான். பச்சப்புள்ள மாதிரி வளத்துச்சே எம்பொண்ணு!

இப்ப மிச்சம் பாதிதான் இருக்கு. அதுவும் போச்சுன்னா முடிஞ்சுது. ஆன்டோவத் திருப்பூருல பனியன் கம்பெனிக்குக் கூப்புட்டுக்கிட்டே இருக்காங்க. "வாத்து போச்சுன்னா கெளம்பிட வேண்டியதுதான்"னு சொல்லிட்டானாம். பேசாதவன் ஒண்ணு சொன்னா அது முடிவுதான். இவளையும் கைப்புள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போயிடுவான். பேரனுக்கு இப்பத்தான் கீழ்ப்பல்லு மொளைக்குது. என்னப் பாத்தா "ஆத்தா"ங்கற மாதிரி ஏதோ சத்தம் போடுறான். அப்புறம் நான் எங்க பாக்குறது? வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வந்தா உண்டு, இல்லாட்டி போன்ல மூஞ்சியப் பாத்துக்க வேண்டியதுதான். இந்த வாத்து நிக்கணும்மா. எனக்கு வாத்துன்னா புடிக்காது, அது வேற. ஆனா நிக்கணும்.

யாரு பண்ணினான்னு எனக்குத் தெரியும். அந்த ஊருல ஒரு பய இருக்கான், சூர்யபிரகாஷ்னு. எஞ்சினீயருக்குப் படிச்சுப்புட்டு டிரோன் வாங்கி வச்சுக்கிட்டு ஊரு பூரா மருந்தடிக்கிறான். வானத்துலேருந்து தூவுனா என்ன ஆவும்? காத்துல போவும், தண்ணியில விழும், புள்ள குட்டி தலயில விழும். சான்ட்ரா சொல்றா, "அவன் அந்த வாரம் அடிக்கவே இல்லம்மா, டிரோன் ரிப்பேருக்குப் போயிருந்துச்சு"ன்னு. நம்புவேனா நான்? அவனே சொல்லிருப்பான். இன்னைக்கு அவன் வாசல்ல போயி நிக்கிறேன் பாரு. ரெண்டு கையாலயும் மண்ண வாரித் தூத்தி, "எம்பொண்ணு வயித்துல அடிச்சவன் வெளங்குவியாடா"ன்னு தெருவே வேடிக்க பாக்குற மாதிரி கேக்கல... எம்பேரு பாத்திமா மேரி இல்ல. மனுசனுக்கு ஒரு பொறுப்பு வேணாம்? நம்ம வயலுல போடுறது யாரு தலயில போயி விடியும்னு யோசிக்க வேணாம்?

அட, ஜன்னலுக்கு வெளிய பாரு! அது எங்க ஊரு வடிகாலு. ஏறுனதுலேருந்து பாக்குறேன், ரோட்டோடயே கூட வருது. நான் இந்த வழியில வந்ததே இல்லம்மா, எப்பவும் மெயின் ரோடுதான். இவ்வளவு தூரம் வருதா இது! நொங்கும் நுரையுமா ஓடுது பாரேன், ராத்திரி பேஞ்ச மழை. எங்க வயலுத் தண்ணி மொத்தமும் இதுலதான் எறக்கி விடுவோம். எறக்கி விட்டா நம்ம வேல முடிஞ்சுது. நேரா கடலுக்குப் போயிடும்.

எம் பெரிய வயல நீ பாக்கணுமே! சுத்தம். ஒரு நண்டு வளை இருக்காது. ஒரு நத்தை இருக்காது. முன்னாடியெல்லாம் மழை பேஞ்சா இந்தத் தவளைங்க கத்துற கத்துல தூங்க முடியுமா? இப்ப ஒரு சத்தம் கெடையாது, நிம்மதி. எங்க வீட்டுக்காரரு கொறட்டை ஒண்ணுதான். டிராக்டர் ஓட்டுனா கொக்கு கூட்டம் கூட்டமாப் பின்னாலயே வரும், இப்ப அதுவும் வர்றதில்ல. அதுங்களுக்கு நம்ம மேல என்ன கோவமோ. தட்டான் பறக்கும், அது போச்சு. சிலந்தி வலை கட்டும், அது போச்சு. எல்லாம் போச்சும்மா, இந்தக் குருத்துப்பூச்சி மட்டும் போவல! அதுதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது. அதக் கொல்லத்தானே மருந்து? அது மட்டும் வருசா வருசம் சம்பந்தி வீட்டு ஆளு மாதிரி வந்து சட்டமா உக்காந்துக்குது. நம்ம கெட்ட நேரம், வேற என்ன.

மருந்துக்கடை நெய்னா பாய் தெரியுமா ஒனக்கு? கடைத்தெருவுல, பெரிய போர்டு... தெரியாதா? தங்கமான மனுசன், ஆனா வாயி ஜாஸ்தி. மருந்தக் குடுத்தமா காச வாங்கிப் போட்டமான்னு இருக்க மாட்டாரு. "பாத்திமாம்மா, குருணை மருந்து, மணல்ல கலந்து தூவுங்க. தூவிட்டு மடையக் கட்டிடுங்க. வயலுத் தண்ணி வயலுலயே சுண்டணும். ஒரு வாரமாச்சும் வெளிய விட்டுடாதீங்க, மீனு, பறவை எதுவும் தாங்காது"ங்கறாரு. ஒவ்வொரு தடவையும் இதே பிரசங்கம். எங்க சாமியாருகூட இவ்வளவு நேரம் பேச மாட்டாரு. "பாய், மழைய யாரு கட்டி வைக்கிறது, நீங்க வந்து கட்டுறீங்களா?"ன்னு கேட்டேன். தலயில அடிச்சுக்கிட்டு மிச்சக் காச எண்ணிக் குடுத்தாரு.

நான் கேட்டது நடந்துச்சா இல்லியா? போன வாரம், கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் குருணை போடுறேன், அன்னைக்கு ராவே ஊத்து ஊத்துன்னு ஊத்துது. காலைல போயிப் பாத்தா பயிரு நுனி மட்டும்தான் தெரியுது. பயிரு அழுவிப் போவட்டும்னு பாத்துக்கிட்டு நிக்க முடியுமா? மம்பட்டிய எடுத்து வரப்ப வெட்டி வடிகால்ல விட்டுட்டேன். தண்ணியோட மருந்தும் போச்சு. பூச்சி போவுமா? போவல. அதான் நேத்து மறுபடியும் போட்டேன். ரெண்டு நாளு மவ வீட்டுல இருக்கணும்ல, போட்டுட்டா நிம்மதியா கெளம்பலாம்னு. இந்தத் தடவ கொஞ்சம் தாராளமாவே. போட்டு முடிச்சு வீட்டுக்கு வந்து காபித் தண்ணி குடிக்கல, மறுபடி புடிச்சுக்கிச்சு மழை! எனக்குன்னே வருதும்மா. மறுபடி மம்பட்டி, மறுபடி வரப்பு. நேத்து பொழுது சாய வெட்டி விட்டது, இந்நேரம் வரைக்கும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்.

ஆளா? ஆளு எங்கம்மா கெடைக்குது? நானேதான் தூவுறேன், இந்தக் கையால. கையுறையா! அத மாட்டிக்கிட்டுத் தூவுனா ஒரு எடத்துல குமியும், ஒரு எடத்துல இருக்காது. வெறுங்கைதான் சீரா விழும். நாத்தம்தான் போவ மாட்டேங்குது, பாரு, நேத்துலேருந்து சோப்புப் போட்டுக் கழுவிக்கிட்டே இருக்கேன், முறுக்கு சுடுறப்பகூட கையில அடிச்சுது... இந்தா, மோந்து பாரு. ஏம்மா? ஏன் மொகம் இப்படிப் போவுது? பஸ்ஸு ஒத்துக்கலையா? அட, முறுக்க ஏன் ஜன்னல் வழியாத் தூக்கிப் போட்ட? ஓமம்தான் தூக்கலுன்னு சொன்னேன்ல. வாயக் கொப்புளிக்கிறியா? கொப்புளி, கொப்புளி. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு எதுவும் ஒத்துக்க மாட்டேங்குது.

இரு, போன் அடிக்குது. அவதான். ஹலோ... ஆங், பஸ்லதாண்டி வர்றேன், சுத்திக்கிட்டு வர்றான். என்னது? தவிடு வச்சா திங்க மாட்டேங்குதுங்களா? ஞாயித்துக்கெழமலேருந்து கூண்டுலயே அடைச்சு வச்சா எது திங்கும்... என்ன? புதுத் தண்ணி வருதா? வாய்க்கா நெறைய வருதா? பாத்தியா, நான் சொன்னேன்ல! தேங்கிக் கெடக்குற பழைய தண்ணியில விடாதடி, மேலேருந்து புதுத் தண்ணி வரட்டும், அப்ப எறக்கி விடுன்னு. கலங்கலாத்தான் இருக்கும், மழைத் தண்ணி. ஏனா? எதுக்கெடுத்தாலும் ஒரு ஏன்! புதுத் தண்ணி சுத்தமா இருக்கும், அதான் ஏன். எறக்கு, எறக்கு. நல்லா மேயட்டும். நான் வந்துக்கிட்டே இருக்கேன். புள்ள என்ன பண்ணுறான்? தூங்குறானா? சரி சரி, வையி.

பாவம்மா. "சரிம்மா"ன்னுட்டு வச்சுட்டா. எம் மவ "சரிம்மா"ன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. மல்லுக்கட்டக்கூட தெம்பில்ல அவளுக்கு. ஒரு வாரமா சரியாத் தின்னுருக்க மாட்டா. இந்த அரிசியில கஞ்சி வச்சுக் குடுக்கணும் போனதும்.

என்னம்மா காட்டுற? எங்க? தண்ணியிலயா... ஆமா, வெள்ள வெள்ளையா மிதக்குது. தெர்மாகோலா இருக்கும். இந்தக் கல்யாண மண்டபத்துக்காரங்க எல்லாக் குப்பையையும் தண்ணியிலதான் கொட்டுறாங்க. எவ்வளவு கெடக்கு பாரு, கரையோரம் பூரா! கொஞ்சமாச்சும் மனசாட்சி இருக்கா? ...மீனா? போம்மா, மீனு எப்படி இவ்வளவு... அப்படியே இருந்தாலும் மழையில குளம் ஒடஞ்சு வந்துருக்கும். அது என்ன, கரையில வெள்ளையாப் பெருசா? துணியா? ரெக்க மாதிரி இருக்கு. கொக்குதான் போல. வயசான கொக்கா இருக்கும். இதுக்கும் வயசாவாதா?

என்ன கேட்ட? இந்த வடிகாலு எங்க போயி விழுதுன்னா? அதான் சொன்னேனே, கடலுக்கு. எந்த வழியான்னு கேட்டா நான் என்னம்மா கண்டேன்? கூடவேவா போயிப் பாத்தேன்? வடிகாலுன்னா கடலுக்குத்தான் போவும். நானும் அப்படித்தான் கேள்விப்பட்டது, எங்க மாமனாரும் அப்படித்தான் சொல்லுவாரு. நம்ம எல்லையத் தாண்டினா அது நம்ம தண்ணி இல்ல. அது கடல் தண்ணி.

வந்துட்டோம் வந்துட்டோம், அதோ குருசடி தெரியுது பாரு! நீலமா, மாதா சுரூபம் வச்ச சின்னக் கோயிலு... அதுதான் எம் மவ ஊரு எல்லை. எப்பவும் அந்தப் பக்கத்துலேருந்து வருவேன், இன்னைக்குப் பின்பக்கமா வந்து நுழையிறான். குருசடிக்குப் பக்கத்துல ரெட்டை மதகு இருக்குல்ல, அங்கேருந்துதான் அவ வாய்க்கா ஆரம்பிக்குது. மொத்த ஊருக்கும் அந்த வாய்க்காதான் பாசனம். அந்த மதகத் தொறந்தாத்தான் இவங்களுக்குத் தண்ணியே. மதகுக்குப் பின்னால எங்கேருந்து தண்ணி வருதுன்னு நான்...

...

இரு. இரு இரு. வடிகாலு எங்க போச்சு? இவ்வளவு நேரம் ரோட்டோட வந்துச்சே? கொஞ்சம் நவுரு, நான் பாக்கணும்... இதோ இருக்கு. இதோ வருது. மதகுக்குள்ள போவுது.

மதகுக்குள்ளதான் போவுது மர்யம்.

இல்ல இல்ல, அது வேற தண்ணி. ஒரு தண்ணி மாதிரி இன்னொரு தண்ணி இருக்காதா? வழியில எங்கயாச்சும் மாறிருக்கும், நாம பேசிக்கிட்டே வந்ததுல கவனிச்சுருக்க மாட்டோம். நீ கவனிச்சியா? மாறலியா? நீ என்ன கண்ட, நீ போனப் பாத்துக்கிட்டு வந்துருப்ப! வடிகாலுன்னா வடிகாலு, அது எப்படிம்மா வாய்க்கா ஆவும்? நாங்க வேணாம்னு கழிச்சு விடுற தண்ணி... அவங்களுக்குப் பாசனமா? அதுலதான் புள்ளையக் குளிப்பாட்டுறாங்களா? சேசு மரி சூசையே! கடைமடைன்னு நாந்தானே சொன்னேன், மிச்சம் மீதி போற ஊருன்னு... எம் வாயாலயே...

எறக்குன்னேனே. எறக்கு எறக்குன்னு சொன்னேனே பாவி! கண்டக்டரு! பஸ்ஸ வேகமா விடச் சொல்லுங்க தம்பி! என்னது, ஆளு ஏறுதா? ஏறுறவங்க நாளைக்கு ஏறட்டும்! போனு... இந்தப் போனு எங்க... அடிக்க மாட்டேங்குதே, சிக்னலு இல்ல. ஒம் போனக் குடும்மா. நம்பரு சொல்றேன், நீ போடு. ஸ்பீக்கர்ல போடு. போவுதா? எடுடி. எடு, எடு, எடு...

சான்ட்ரா! நாந்தாண்டி, இது வேற நம்பரு. வாத்து எங்க? எறக்கிட்டியா? எவ்வளவு நேரமாச்சு? ஏத்து. ஏத்துடி எல்லாத்தையும்! நாந்தான் எறக்கச் சொன்னேன், இப்ப ஏத்தச் சொல்றேன், ஏத்து! அய்யோ, இப்பப் போயி ஏன்னு கேக்காத. இந்த ஒரு தடவ காரணம் கேக்காத, ஒம் புள்ள மேல ஆணை. இல்லடி, மழை வரும்னு இல்ல. பாம்பும் இல்ல. எனக்கு எப்படித் தெரியுமா? தெரியும்டி. சூர்யபிரகாஷ் இல்ல, அவன விடு. அந்தப் புள்ள ஒண்ணும் பண்ணல. பின்ன யாருன்னா...

எல்லாரும் ஏன் என்னப் பாக்குறாங்க மர்யம்?

நாந்தாண்டி. அது நம்ம வயலுத் தண்ணி. பெரிய வயலுத் தண்ணிடி. குருணை போட்டு வெட்டி விட்டேன். அன்னைக்கும் நாந்தான், இன்னைக்கு வர்றதும் நம்மோடதுதான். கடலுக்குப் போவுதுன்னு நெனச்சேன். சான்ட்ரா? என்னத் திட்டணும்னா அப்புறமா நல்லாத் திட்டு, இப்ப ஓடு. ஹலோ... சான்ட்ரா?

போன வச்சுட்டாளா? கட் ஆவலியா? அப்படியே கீழ போட்டுட்டு ஓடிருக்கா. ஆமா, காலு சத்தம் கேக்குது. தா, கிட்ட கொண்டா... வாளி. வாளியத் தட்டுறா. கேக்குதா ஒனக்கு? டங்கு டங்குன்னு. தட்டு, தட்டு. நல்லாத் தட்டு கண்ணு.

ஷ்ஷ்... நீ பேசாத மர்யம். வாத்து கத்துதான்னு நான் கேக்கணும். பஸ்ஸுல எல்லாரையும் பேசாம இருக்கச் சொல்லு. எனக்கு வாளிச் சத்தம் மட்டும்தான் கேக்குது.